புதன் மாலை காட்டுக்கு விடுமுறை

நம்பிக்கை: புலி பார்க்க ஒரு பயணம், கோயில் பார்க்க வேறொரு பயணம்.

மத்தியப் பிரதேசத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. கஜுராஹோ கோயில்களிலிருந்து பன்னா புலிகள் காப்பகத்தின் மட்லா வாயில் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் சிற்பம் பார்க்க வந்தவர்கள் ஒரே பகலில் பார்த்துவிட்டு வாரணாசிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புலி தேடி வந்தவர்களோ நேரே கன்ஹாவுக்கும் பாந்தவ்கருக்கும் போகிறார்கள். நம் பக்கத்திலிருந்து போவதும் பெரிய பாடில்லை. சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ ஜி.டி.யோ ஏறினால் ஜான்சி. அங்கிருந்து கஜுராஹோ 175 கிலோமீட்டர். வழியில் ஓர்ச்சாவில் இறங்கினால், பேத்வா ஆற்றங்கரையில் புந்தேலா அரசர்களின் நினைவு மண்டபங்கள். அவற்றின் உச்சி மாடங்களில் கூடு கட்டி வாழ்பவை பாறுக்கழுகுகள். அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தப் பறவையைப் பார்க்க அங்கே ஜீப்பும் வேண்டாம், வனத்துறை அனுமதியும் வேண்டாம்.

நம்பிக்கை: பன்னாவில் புலியே கிடையாது.

2009-இல் இது உண்மைதான். கள்ளவேட்டையில் ஒன்று மிச்சமில்லாமல் போயிருந்தது. அதே ஆண்டு பாந்தவ்கரிலிருந்தும் கன்ஹாவிலிருந்தும் பெண் புலிகள் கொண்டுவரப்பட்டன. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி-3 என்ற ஆண் புலி வந்தது. வந்த புலி தங்கவில்லை. சில நாட்களிலேயே காப்பகத்தைத் தாண்டி, தெற்கே தன் பழைய காட்டின் திசையில் நடக்கத் தொடங்கிவிட்டது. வனத்துறையினர் யானைகளோடு, ஊரும் வயலுமாகச் சுமார் ஒரு மாதம் அதன் பின்னாலேயே போய், மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இம்முறை பெண் புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்துவைத்து, இங்கே துணை உண்டு என்று அதற்குத் தெரியவைத்தார்கள். 2010 ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. 2022 கணக்கெடுப்பில் பன்னாவின் புலிகள் ஐம்பதைத் தாண்டின. இவ்வளவுக்குப் பிறகும் ‘அங்கே என்ன இருக்கு?’ என்று கேட்கும் பயண முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் தகவல் அத்தனை பழசு.

நம்பிக்கை: ரயிலும் ஓட்டலும் போட்டாயிற்று, சஃபாரியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு வாயிலிலும் காலைக்கு இத்தனை வண்டி, மாலைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. அனுமதிச் சீட்டு இணையத்தில் முன்கூட்டியே விற்றுப்போகும். விடுதிக்காரர் ஜிப்ஸி ஏற்பாடு செய்துவிடுவார். சீட்டு இல்லையென்றால் அந்த ஜிப்ஸி வாயிலைத் தாண்டாது. சீட்டில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஏறிவிடும். பதிவுக்கு ஆதார் கொடுத்துவிட்டு வாயிலில் வேறு அட்டையை நீட்டினால், இருட்டோடு எழுந்து வந்ததெல்லாம் வாக்குவாதத்தில் போகும். ஆகவே முதலில் சஃபாரி, அதற்கேற்ப ரயில், கடைசியில் ஓட்டல். கோயிலுக்கு அவசரமில்லை, கஜுராஹோவின் மேற்குத் தொகுதி சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை திறந்திருக்கும்.

நம்பிக்கை: டிசம்பர்தான் சீசன்.

ஊர் சுற்ற நல்ல காலம்தான். ஆனால் விடியற்காலையில் திறந்த ஜிப்ஸியில் போகும்போது, விடுதியில் தரும் கம்பளியைக் காதுவரை சுற்றிக்கொண்டாலும் பல் கிட்டும். மூடுபனியில் வடக்கத்தி ரயில்கள் எத்தனை மணி தாமதமாகும் என்று சொல்ல முடியாது. புலி கண்ணில் படும் வாய்ப்பு கூடுவது ஏப்ரல், மே மாதங்களில். காடு காய்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். அப்போது கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைத்துப் பாருங்கள், புரியும். இரண்டுக்கும் நடுவே, பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும்தான் என் தேர்வு. பிப்ரவரியில் கஜுராஹோ நடன விழா நடக்கும் நாட்களில் மட்டும் அறைக்கு முந்திக்கொள்ள வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காப்பகத்தின் மையப் பகுதி மூடியிருக்கும்.

நம்பிக்கை: கஜுராஹோவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது.

காமச் சிற்பங்கள் மொத்தத்தில் சிறு பங்குதான். லட்சுமணர் கோயிலின் மேடையைச் சுற்றி யானை, குதிரை, படைவீரர் என்று ஊர்வலம் போகிறது (அதிலும் இரண்டொரு இடங்களில் பிள்ளைகளை வேகமாக நடத்திக் கூட்டிப்போவது நல்லது). எதிரே வராக மண்டபம். ஒரே கல்லில் வடித்த ஆளுயரப் பன்றி; அதன் முதுகு, விலா, கால் என்று இடைவெளியே விடாமல் வரிசை வரிசையாக விரலளவு தெய்வ உருவங்கள். முந்தின நாள் காட்டில் பன்றியைப் பார்த்த பிள்ளை இதைச் சுற்றிச்சுற்றி வரும்.

நம்பிக்கை: மூன்று காடு போனால் ஒன்றிலாவது புலி.

கஜுராஹோவிலிருந்து பாந்தவ்கருக்குச் சாலையில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. கன்ஹா அதற்கும் அப்பால். காட்டுக்கு ஒரு சஃபாரி என்று ஓடினால் பாதிப் பயணம் காரிலேயே கழியும். ஒரே காட்டில் மூன்று முறை போனால், நேற்று எங்கே மான் அலறியது, எந்தத் தடம் எந்தப் பக்கம் போனது என்று வழிகாட்டி அதன் தொடர்ச்சியைப் பிடித்துத் தேடுவார். அப்படியும் புலி வராமல் போகலாம். பன்னாவின் கேன் ஆற்றுப் பக்கம் மாலையில் ஒதுங்கினால் பாறுக்கழுகுகளாவது கண்ணில் படலாம்.

நாள் குறிக்கும்போது இரண்டு கிழமைகளைக் கவனியுங்கள். மத்தியப் பிரதேசக் காப்பகங்களில் புதன்கிழமை மாலை சஃபாரி கிடையாது. அப்படியே ஆக்ரா போவதாக இருந்தால், வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். புதன் காலை பன்னா, மாலை கஜுராஹோ, வியாழனும் வெள்ளியும் ஓர்ச்சா, சனிக்கிழமை ஆக்ரா என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளும் வீணாகாது.