மாசியில் நட்ட சேனை

நுழையும்முன்

ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்குக் குடிபெயர்ந்தோர் தம் மொழியை உடன் கொண்டுசெல்வர். புதிய நிலத்தில் எப்பயிரை எப்பொழுது நடவேண்டும் என்பதை அந்நிலத்தாரிடமே கற்றுக்கொள்வர். கேரளத்துக் கல்பாத்தியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கொல்லையில் ஒருநாள் நடந்த தோட்டவேலையை இப்பாடம் கூறுகிறது.

ஊரும் வீடும்

பாலக்காடு நகரில், கல்பாத்தி ஆற்றின் கரையில் அமைந்தது கல்பாத்தி. இந்த ஆறு பறளி என்னுமிடத்தில் கண்ணாடிப்புழையோடு கலந்து பாரதப்புழையாகிறது. ஆற்றங்கரையில் 1425ஆம் ஆண்டளவில் எழுந்த விசுவநாதசுவாமி கோயில் உள்ளது. ஐப்பசித் திங்களின் இறுதியில் நிகழும் அதன் தேர்த்திருவிழா புகழ்பெற்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இங்கே இன்றும் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அத்தமிழில் மலையாளச் சொற்களும் கலந்திருக்கும்.

தெருவின் இருமருங்கும் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராகும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என வீடு நீண்டு சென்று கொல்லையில் முடியும். முன்புறம் தோட்டத்திற்கு இடமில்லை. ஆதலால் கிணறு, துளசிமாடம், வாழை, முருங்கை, கறிவேப்பிலை ஆகிய யாவும் கொல்லையிலேயே இடம்பெறும்.

சாக்கில் இருந்த கிழங்கு

அத்தெருவில் ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் தனியே வாழ்ந்துவந்தார். அவருடைய மகன் பெங்களூரில் பணியாற்றினார். மாசித் திங்களின் கடைசி ஞாயிறன்று மகனும் மருமகளும் பேரனும் பேத்தியும் இரவு வண்டியில் வந்திறங்கினர். பேரன் எட்டாம் வகுப்பிலும் பேத்தி ஆறாம் வகுப்பிலும் பயின்றனர்.

பாட்டி அவர்களுக்குக் காப்பி கொடுத்தபின் அடுக்களையின் மூலையிலிருந்த சாக்கை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரே ஒரு சேனைக்கிழங்கு இருந்தது. அதன் எடை நான்கு கிலோ.

"முன்பெல்லாம் இக்கொல்லையில் பத்துக்குழி சேனை நடுவோம். உங்கள் தாத்தா மறைந்தபின் குழி குறைந்துகொண்டே வந்தது. சென்ற ஆண்டு என்னால் ஒரு குழியே தோண்ட முடிந்தது. அதில் விளைந்தது இது" என்றார் பாட்டி.

"இதை ஏன் சமைக்கவில்லை, பாட்டி?" என்று பேத்தி வினவினாள்.

"சமைத்தால் விதை ஏது, குழந்தே? மார்கழித் திருவாதிரைக் கூட்டுக்குக்கூடக் கடையில்தான் சேனை வாங்கினேன். இன்னும் மூன்று நாளில் பங்குனி பிறந்துவிடும். அதற்குள் இதை மண்ணில் வைக்கவேண்டும்."

மலையாளத்தில், "கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்" என்று ஒரு பழமொழி உண்டு. கும்பம் என்பது மாசி. மீனம் என்பது பங்குனி. மாசியில் நட்ட சேனை குடத்தளவு பருக்கும். பங்குனியில் நட்டது மீனின் கண்ணளவே தேறும் என்பது இதன் பொருள். பழமொழி சற்று மிகைப்படுத்திச் சொன்னாலும் அதன் உட்பொருள் உண்மை. மாசியில் நட்ட கிழங்கு கோடைமழையில் முளைத்து, அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை முழுவதையும் பெற்று வளரும். தமிழகத்து உழவர் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பர். மழையும் பயிரும் மாறும்போது விதைக்கும் பருவமும் மாறுகிறது.

கொல்லையைத் திருத்துதல்

மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் இக்கணவாய் வழியே கிழக்குக்காற்று விசையுடன் வீசும். அக்காற்று உதிர்த்த இலைகளால் கொல்லை முழுவதும் சருகு கிடந்தது.

பேரன் சருகை அள்ளக் குனிந்தான். பாட்டி அவனைத் தடுத்தார். "முதலில் கோலால் தட்டு. தேளோ பாம்போ இருந்தால் விலகிப் போகட்டும்" என்றார். அவன் அவ்வாறே தட்டிப் பார்த்தபின் விளக்குமாற்றால் கூட்டினான். பேத்தி கவிழ்க்காமல் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளையும் உடைந்த சட்டிகளையும் அகற்றினாள். அவற்றில் நீர் தேங்கினால் கொசு பெருகும். தாய் கீரைப்பாத்தியில் களை பறித்தார். தந்தை வாழைப்புதரில் நெருங்கி வளர்ந்த கன்றுகளுள் நலிந்தவற்றை நீக்கி, வலிய கன்று ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

"சருகை எரித்துவிடலாமா, பாட்டி?" என்றான் பேரன்.

"வேண்டாம். மாலையில் அதற்கு வேலை இருக்கிறது" என்றார் பாட்டி.

பின்னர் தந்தை மண்வெட்டியால் குழி தோண்டத் தொடங்கினார். ஒவ்வொரு குழியும் இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உடையதாக அமைந்தது. குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி விடப்பட்டது. கிழங்கை நான்கு துண்டாக அரியலாம் என்பதால் நான்கு குழிகள் திட்டமிடப்பட்டன.

முளையில்லாத துண்டு

பாட்டி கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். சேனையில் உள்ள ஊசிபோன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் அரிப்பை உண்டாக்கும். புளியோ மோரோ சேர்த்துச் சமைப்பதும் இதனாலேயே.

வாயிலில் யாரோ அழைக்க, பாட்டி எழுந்து சென்றார். அவர் திரும்புவதற்குள் உதவும் எண்ணத்தோடு பேரன் கத்தியை எடுத்தான். கிழங்கின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள துண்டு ஒன்றை அரிந்துவிட்டான்.

திரும்பி வந்த பாட்டி சற்றுநேரம் பேசவில்லை. பேரன் தலைகுனிந்து நின்றான். பாட்டி கிழங்கின் உச்சியில் வளையம்போல் அமைந்திருந்த பகுதியைச் சுட்டிக் காட்டினார்.

"இதோ பார். இதுதான் நடுமுளை. ஒவ்வொரு துண்டிலும் இதில் ஒரு பங்கு இருக்கவேண்டும். பூசணியைக் கீற்றாக அரிவதுபோல மேலிருந்து கீழாக அரியவேண்டும். நீ அரிந்த துண்டில் முளை இல்லை. அது கறிக்கு ஆகும், விதைக்கு ஆகாது."

"இனி மூன்று துண்டுதானா, பாட்டி?"

"மூன்றும் பிழைத்தால் போதும். இனி நீயே அரி, நான் சொல்கிறேன்."

நடுங்கிய கையோடு அவன் கத்தியை வைத்தான். பாட்டி அவன் கைமேல் தம் கையை வைத்து இடம் காட்டினார். எஞ்சிய மூன்று கிலோ கிழங்கு மூன்று துண்டுகளாயிற்று. ஒவ்வொன்றிலும் முளையின் ஒரு பங்கு இருந்தது. அவற்றைச் சாணக்கரைசலில் தோய்த்து, வெட்டிய பக்கம் மேலாக இருக்கும்படி நிழலில் உலர்த்தினர். முளையில்லாத துண்டு நண்பகல் உணவில் வாழைக்காயோடு சேர்ந்து எரிசேரி ஆயிற்று. பேரன் அன்று எரிசேரியை இருமுறை கேட்டு வாங்கி உண்டான்.

நடுதல்

வெயில் தாழ்ந்தபின் நடவு தொடங்கியது. குழியில் பாதிவரை மேல்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் இட்டனர். வெந்நீர் அடுப்பின் சாம்பலையும் கலந்தனர். முளை மேல்நோக்கி இருக்கும்படி துண்டை வைத்து மண்ணால் மூடி மெல்ல அழுத்தினர். அதன்மேல் காலையில் கூட்டிய சருகைத் தடிமனாகப் பரப்பினர். சருகு ஈரத்தைக் காத்து, வெயிலின் கடுமையைத் தணித்து, பின்னர் மக்கி உரமாகும். அதை ஏன் எரிக்கக்கூடாது என்பது பேரனுக்கு அப்போது விளங்கியது.

இரண்டு குழிகள் நிரம்பின. மூன்றாம் துண்டைப் பாட்டி தாளில் சுற்றிப் பேத்தியிடம் கொடுத்தார்.

"இதைப் பெங்களூருக்குக் கொண்டுபோ. பழைய சாக்கில் மண்ணும் உரமும் நிரப்பி நடு. அடியில் நீர் வடியத் துளை இடு."

"இங்கேயே நடலாமே, பாட்டி. மாடியில் வைத்து வளராமற் போனால்?"

"ஒரே இடத்தில் வைத்து இழப்பதைவிட இரண்டு இடத்தில் வைப்பது நல்லது" என்றார் பாட்டி.

தந்தை அதுவரை தோண்டிய மூன்றாம் குழியில் பாட்டி இஞ்சி நட எண்ணினார். நான்காம் குழியைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

காத்திருத்தல்

சித்திரைப் பிறப்பன்று பாட்டி தொலைபேசியில் அழைத்தார். கொன்றை பூத்துக் குலுங்குவதாகவும், கொல்லையில் இன்னும் முளை தோன்றவில்லை என்றும் கூறினார். சித்திரை நடுவில் கோடைமழை பெய்தது. அடுத்த வாரத்தில் கல்பாத்திக் கொல்லையில் இரு முளைகளும் சருகை விலக்கி எழுந்தன.

பெங்களூர் மாடியிலிருந்த சாக்கில் ஒன்றும் தோன்றவில்லை. பேத்தி நாள்தோறும் அதை உற்று நோக்கினாள். ஒருநாள் விரலால் மண்ணைக் கிளறவும் முனைந்தாள். அன்று மாலை பாட்டியிடம் அதைச் சொன்னாள்.

"தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும், குழந்தே. மண் காயாமல் நீர் தெளி. காத்திரு" என்றார் பாட்டி.

வைகாசி இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை. பேரன்தான் முதலில் கண்டான். சாக்கின் நடுவில் வெளிறிய கூரிய முளை ஒன்று விரலளவு எழுந்து நின்றது. சில நாள்களில் அது ஒற்றைத்தண்டாக ஓங்கிக் குடைபோல் இலை விரித்தது. மண்ணுக்குள்ளே நட்ட துண்டு தன் சத்தை எல்லாம் கொடுத்துச் சுருங்க, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகத் தொடங்கியிருக்கும்.

சேனை முதிர எட்டு அல்லது ஒன்பது மாதமாகும். இலை மஞ்சளித்துச் சாய்வதே அறுவடைக்குரிய அடையாளம். பாட்டி மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கார்த்திகையில் கிழங்கு எடுக்கலாம். இவ்வாண்டுத் திருவாதிரைக் கூட்டுக்குக் கடைச்சேனை வேண்டியதில்லை. விதைக்கும் ஒன்று மிஞ்சும்.

சொல்லும் பொருளும்

கொல்லை – வீட்டின் பின்புறத் தோட்டம்
ரேழி – திண்ணைக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட பகுதி
சிரட்டை – கொட்டாங்கச்சி
எரிசேரி – காய், தேங்காய், மிளகு சேர்த்துச் செய்யும் கேரள உணவு
தொழுவுரம் – மாட்டுத்தொழுவத்துச் சாணமும் குப்பையும் மக்கிய உரம்
ஓளம் – அளவு (மலையாளம்)

தெரிந்துகொள்வோம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இப்பாடத்தில் நடவு பின்பனியிலும் முளைப்பு இளவேனிலிலும் நிகழ்கின்றன. சேனை, மரவள்ளி முதலிய கிழங்குகளை ஆராய்வதற்கென 1963ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கல்பாத்தி வீடுகளில் தோட்டம் பின்புறம் மட்டுமே அமையக் காரணம் யாது?
2. பாட்டி திருவாதிரைக்குத் தம் கிழங்கைச் சமைக்காதது ஏன்?
3. சருகினால் விளையும் பயன்கள் யாவை?

ஆ. நான்கைந்து தொடர்களில் விடை எழுதுக.
1. சேனை நடும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. மூன்றாம் துண்டைப் பாட்டி பெங்களூருக்கு அனுப்பியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
வெந்நீர், இளவேனில், நடுமுளை, ஒற்றைத்தண்டு

ஈ. மொழியை ஒப்பிடுவோம்.
மலையாளத்தில் சேன, வாழ, மஞ்ஞள், முரிங்ங எனப்படுபவை தமிழில் எவ்வாறு வழங்குகின்றன? நீர் வாழும் மாநிலத்து மொழியில் இவற்றின் பெயர்களைக் கேட்டறிந்து அட்டவணை அமைக்க.

உ. செயல்பாடு
உம் வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் சொந்த ஊரில் எப்பயிரை எம்மாதத்தில் நட்டனர் எனக் கேட்டு எழுதுக. அவர்கள் கூறும் பழமொழி ஒன்றையும் சேர்த்துக்கொள்க. ஒரு தொட்டியிலோ சாக்கிலோ செடி ஒன்றை நட்டு, அது முளைக்கும் நாள்வரை நாட்குறிப்பு எழுதி வருக.