மனச்சிதைவு நோய்: மருத்துவமனைக்கு மீண்டும் திரும்புவது ஏன்?

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் பலருக்குச் சிரிப்பு வருகிறது. பேராக்கில் உள்ள அவ்வூரில் 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. அங்கே போனவர் திரும்ப மாட்டார் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. அப்போது இந்நோய்க்குச் சரியான மருந்து இல்லை. 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தின் பயனைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு நிலைமை மாறியது. இன்று பெரும்பாலோர் சில வாரங்களில் வீடு திரும்புகிறார்கள். மீண்டும் வார்டுக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போதைய சவால்.

மூளையில் என்ன நடக்கிறது?

உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் உள்ளது. பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது பெரும்பாலும் தொடங்குகிறது. யாரும் பேசாதபோதும் குரல் கேட்கும். தன்னை யாரோ பின்தொடர்வதாக உறுதியாகத் தோன்றும். ஒருவருக்குள் இரண்டு ஆள்கள் இருப்பது என்று சினிமாவில் காட்டுவது இந்நோய் அன்று.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் உதவுகின்றன. இந்நோயில் மூளையின் சில பகுதிகளில் டோபமின் செயல்பாடு கூடுகிறது. மருந்து டோபமின் ஏற்பிகளை அடைத்து அதைத் தணிக்கிறது. மரபணுவும் சூழலும் சேர்ந்தே நோய்க்கு வழிவகுக்கின்றன. செய்வினையோ பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணம் அல்ல.

மருந்தை நிறுத்தினால்?

தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுதல், கை நடுக்கம் போன்ற பக்கவிளைவுகளால் சிலர் மருந்தை நிறுத்துகிறார்கள். தனக்கு நோய் இருப்பதையே உணராமல் இருப்பதும் இந்நோயின் இயல்புகளில் ஒன்று.

மருந்தை நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை. பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால் நோயாளியும் குடும்பமும் ‘மருந்து இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நம்பிவிடுகிறார்கள். மழை இல்லாத வாரத்தில் கூரையைப் பிரித்துவிட்டு, ‘நனையவில்லையே’ என்று சொல்வதைப் போன்றது இது.

எண்கள் சொல்வது

2012இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 65 சோதனைகளில் பங்கேற்ற ஏறக்குறைய 6,500 நோயாளிகளின் தகவல்களை அது தொகுத்துப் பார்த்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேர். மருந்தில்லாத மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேர். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் முறையே 10 பேர், 26 பேர்.

64இல் 27ஐக் கழியுங்கள். 37 வரும். அதாவது, மூன்று பேர் மருந்தைத் தொடர்ந்தால் ஏறக்குறைய ஒருவருக்கு நோய் திரும்புவது தடுக்கப்படுகிறது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மருந்தைத் தொடர்ந்தும் 27 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது. எனவே, மீண்டும் வார்டுக்கு வருபவரைப் பார்த்து ‘மருந்து சாப்பிடவில்லைதானே?’ என்று குற்றம் சாட்டுவது அறிவியல் அன்று.

உடலையும் மறக்கக் கூடாது

இந்நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய், நீரிழிவு போன்ற உடல்நோய்களே பலருக்குக் காரணம். சில மருந்துகள் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டுகின்றன. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால், ‘மனநோயால் சொல்கிறார்’ என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு.

சிகரெட்டும் இதில் சேர்கிறது. புகையில் உள்ள பொருள்கள் கல்லீரல் நொதி ஒன்றைத் தூண்டி, குளோசபின் என்ற மருந்தை விரைவாகச் சிதைக்கின்றன. வார்டில் புகைப்பதை நிறுத்தியதும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வீட்டுக்கு வந்து மீண்டும் புகைத்தால் இறங்கும். ஆகவே புகைப்பழக்கத்தில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் அடுத்த சந்திப்புத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தூக்கம் குறைவது, தனிமையில் ஒதுங்குவது, காரணமற்ற சந்தேகம் ஆகியவை நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் கண்டால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கவிளைவு தொல்லை கொடுத்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். தினமும் மாத்திரை எடுப்பது சிரமமானால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ஆண்டுதோறும் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கை நாடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555ஐயும் அழைக்கலாம். ‘மென்தாரி’ சமூக மனநல மையங்கள், நோயிலிருந்து மீள்பவர்கள் மீண்டும் வேலைக்குச் செல்லவும் உதவுகின்றன.