வகுப்புப் படங்களைக் காக்கும் வகை



பள்ளிப் பருவத்தில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. முன்வரிசையில் ஆசிரியர்கள் அமர்ந்திருக்க, பின்வரிசையில் மாணவர்கள் பலகையின் மேல் நிரலாக நிற்பர். தோட்டப் பள்ளியில் பயின்ற நம் தாத்தா பாட்டியர் பலருக்கு, இளமையின் சான்றாக எஞ்சியிருப்பது அந்த ஒரு படமே. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. பள்ளிகளும் இடம் மாறின. ஆதலின், முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடும்பொழுது முதலில் தேடுவன அப்படங்களையே.

இக்காலத்தில் அவற்றை இணையத்தளத்தில் தொகுத்து வைத்து, எல்லாரும் காண வகை செய்கின்றனர். இது நற்செயலே. ஆயினும், அங்குக் கிடைக்கும் இடம் அளவுடையது. அவ்விடத்தைச் செம்மையாகப் பயன்படுத்தும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

படம் கொள்ளும் இடம்

கைப்பேசியில் எடுக்கும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் இருப்பின், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளாகும். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். எனவே, முழுப் படத்திற்கு 36 மெகாபைட் தேவை. 'ஜேபெக்' என்னும் முறை இதனைச் சுருக்கி, ஏறத்தாழ 3 மெகாபைட்டில் அடக்கிவிடுகிறது.

கூகுள் நிறுவனம் இலவசமாக வழங்கும் இடம் 15 கிகாபைட். படம் ஒன்றுக்கு 3 மெகாபைட் எனக் கொண்டால் 5,000 படங்கள் அடங்கும். நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் தலைக்கு 125 படங்கள் அனுப்பினாலே இடம் நிறைந்துவிடும். மேலும், மின்னஞ்சலும் பிற கோப்புகளும் அதே இடத்தையே பகிர்ந்துகொள்ளும். துணிமணி, கடிதம், படம் எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைப்பது போன்றது இது.

இன்று இலவசமாகக் கிடைப்பது என்றும் கிடைக்கும் என எண்ணுதலும் தவறு. பிளிக்கர் என்னும் தளம் 2013-ஆம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் இடத்தை இலவசமாக அளித்தது. 2018-ஆம் ஆண்டிலோ, இலவசக் கணக்கிற்கு 1,000 படங்களே என அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த அளவற்ற இலவசச் சேமிப்பும் 2021-ஆம் ஆண்டு சூன் 1-ஆம் நாள் முடிவுற்றது.

இடத்தைச் சிக்கனமாக்கும் வழிகள்

முதலாவது, தெரிந்தெடுத்தல். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்திருப்பின், தெளிவான ஒன்றையே தளத்தில் ஏற்றுக. ஒன்றுகூடல் நாளின் விருந்துப் படங்களைவிட, மீண்டும் எடுக்க இயலாத பழம் படங்களுக்கே முதலிடம் தருக. அவற்றைச் சுருக்காமல் முழு அளவில் வைத்தல் நன்று.

இரண்டாவது, சுருக்குதல். நிகழ்ச்சிப் படங்களை 2,000க்கு 1,500 புள்ளிகளாகக் குறைத்தால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகும். அவை கொள்ளும் இடமும் ஏறத்தாழ அவ்வாறே குறையும். திரையில் காண இவ்வளவு போதும். ஆனால், சுருக்கிய படத்திலிருந்து மூலப்படத்தை மீண்டும் பெறுதல் இயலாது. ஆகவே, மூலத்தை வேறோரிடத்தில் வைத்த பின்னரே சுருக்குதல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

மூன்றாவது, படிகள் வைத்தல். இணையத்தில் ஒன்று, வீட்டிலுள்ள சேமிப்பு வட்டில் ஒன்று, வேறொரு நண்பர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகள் இருத்தல் வேண்டும். தளம் மூடப்பட்டாலும் படம் நம்மிடம் இருக்கும். தாளில் அச்சான பழம் படத்தைக் கணினியில் ஏற்றிய பின்னரும் எறிந்துவிடாதீர்.

இடம் கொள்ளாத செல்வம்

எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. அது படத்தில் இருப்பவரின் பெயர். 'முனியம்மாள்' என்னும் பெயரைக் கணினியில் தமிழ் ஒருங்குறியில் எழுத 33 பைட்டுகளே செல்லும். இத்தகைய பெயர்கள் நாற்பதும் சேர்ந்து 1,320 பைட்டுகளே. இது 3 மெகாபைட் படத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அவ்வளவு சிறிய இடத்தை மிச்சப்படுத்தி யாது பயன்? பெயரில்லாப் படத்தை நம் பேரக்குழந்தைகள் காணும்பொழுது, பால்மரம் வெட்டி நம்மை வளர்த்த பாட்டியும் முகமறியாத ஒருவராகிவிடுவார்.

மாணவர்களே! இவ்வாரமே வீட்டிலுள்ள பழம் படத்தை எடுங்கள். தாத்தா பாட்டியின் அருகே அமருங்கள். இடப்புறம் தொடங்கி ஒவ்வொருவராகச் சுட்டி, "இவர் யார்?" என்று கேளுங்கள். தோட்டம், பள்ளி, ஆண்டு, பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிப் படத்துடன் வையுங்கள். பின்னர் அதனைக் கணினியிலும் பதியுங்கள். இடம் குறைந்தால் விலைக்கு வாங்கலாம். பெயரைச் சொல்லக்கூடியவர் மறைந்தபின் எவரிடம் கேட்பது? அவர்கள் நம்மோடிருக்கும்போதே கேட்டறிவோம், எழுதிக் காப்போம்!