இருமரையாணி பொருத்துதல்

1958 ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டியின் வழித்தோன்றல்கள் பல இன்றும் நம் ஒழுங்கைகளில் ஓடுகின்றன. அவற்றின் புகைக்குழாயை உருளைத்தலையோடு பிணைப்பவை 6 மில்லிமீற்றர் பருமனுடைய இரண்டு ஸ்ரட்டுகளே. தலையின்றி இரு முனையிலும் மரை பெற்றிருத்தலின் அதனை இருமரையாணி என்பேன். கராச்சில் இச்சொல்லைக் கூறின் நகைப்பர் என்பதும் அறிவேன்.

தலையுள்ள போல்ற்றையே முறுக்கினால் ஆகாதோ என மாணவர் வினவுவதுண்டு. உருளைத்தலை மெல்லிய இயல்புடைய அலுமினியம், ஆணியோ உருக்கு. குழாயைக் கழற்றுந்தோறும் போல்ற் சுழலுமாயின் அலுமினிய மரையே தேயும். இருமரையாணி ஒருமுறை பதிந்தபின் அசைவதில்லை. தேய்வு முழுவதும் வெளிமுனைக்கும் நட்டுக்குமே உரியது. நட்டு சில்லறைக் காசு, உருளைத்தலை அவ்வாறன்று.

பழைய ஆணியைக் கழற்றுதலே அரிய பகுதி. ஈரத்தில் இவ்விரு உலோகங்களும் கூடுமிடத்து அலுமினியம் அரிப்புண்டு, வெண்மாவாகி மரையிடையே இறுகும். இதனை அறியாது, குளிர்ந்திருந்த தலையில் ஓர் ஆணியை நெம்பி முறித்தவன் யான். எஞ்சிய துண்டைத் துளைத்தெடுக்க ஒரு பகல் முழுதும் கழிந்தது. வெப்பத்தால் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆதலின், துரு நெகிழ்த்தும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டு, வண்டியினின்று தலையைத் தனியே பிரித்தெடுத்து, எண்ணெயைத் துடைத்தபின், நீர்த்துளி பட்டாற் சீறுமளவும் சூடேற்றுக. பின் வெளிமுனையில் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று நெரித்து, உள்நட்டை இடஞ்சுழியாகத் திருப்புக. இறுகி நின்றால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டுமேயன்றி வலிந்திழுத்தல் கூடாது. மரை அழிந்திருப்பின் துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை இடுவதே வழி.

புதியதைப் பொருத்துமுன் துளையை மரைவெட்டியால் மெல்லத் துப்புரவாக்குக; மரையிடை 1 மில்லிமீற்றர். துளையின் அடியில் எண்ணெய் தேங்கினால் ஆணி அதனை அழுத்தி உலோகத்தைப் பிளக்கவுங்கூடும். மரையிற் செப்புக் கிறீஸ் சிறிது பூசி, விரலாலேயே திருகி, 12 மில்லிமீற்றராவது உட்செல்லுதல் நன்று. இறுதியில், முன்போல் நெரித்த இரு நட்டுகளுள் வெளிநட்டைப் பிடித்து வலஞ்சுழியாகச் சற்றே இறுக்கினாற் போதும்.

குழாயைப் புது வளையத்தோடு மாட்டியபின், இரு நட்டுகளையும் மாறி மாறிக் கால்சுற்றாக முறுக்குக. ஒன்றை முற்ற முறுக்கிவிட்டு மற்றதைத் தொடுவோர் பலர். அதனாற் குழாயின் விளிம்பு சாய்ந்து, புகை கசிந்து, இயந்திரத்தில் ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழும். முதல் ஓட்டம் முடிந்து இயந்திரம் ஆறியதும் இரு நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க.