வினைமரபு ஆங்கிலத்துக்கும் உண்டு

ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் கட்டுரை ஏட்டில் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதுகிறார். நாம் 'டிட்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து 'மேட்' என்று திருத்துகிறோம். ஏன் என்று அவர் கேட்டால் எந்த விதியைச் சொல்வது? காலம் சரி, எழுவாய் சரி, சொல் வரிசையும் சரி. 'தவறு செய்தேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். காரணம் தெரியாமல் சிவப்புச் சுழிகளை மட்டுமே பார்க்கும் குழந்தை, 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு செய்துவிடுகிறது.

இதற்கான விளக்கம் நம் தமிழ்ப் பாடவேளையிலேயே இருக்கிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

கூடை முடைந்தார், பானை வனைந்தார், ஆடை நெய்தார் என வினைமரபு கற்பிக்கிறோம். 'பானை நெய்தார்' என்றால் குழந்தைகள் சிரிப்பார்கள். தொல்காப்பியக் கிளவியாக்கமும் இதைப் பேசுகிறது. உண்பன, தின்பன, பருகுவன எல்லாம் அடங்கிய 'அடிசில்' என்னும் பொதுச்சொல்லுக்குத் 'தின்றார்' என்னும் தனிவினை பொருந்தாது, பொதுவினையே வேண்டும்.

'மிஸ்டேக்' என்பது 'மேக்' உடனும், 'ஹோம்வொர்க்' என்பது 'டூ' உடனும் வருவது ஆங்கிலத்தின் வினைமரபு. மொழியியலார் இத்தகைய சொற்சேர்க்கையைக் 'கொலொகேஷன்' என்பர். ஜப்பானில் பணியாற்றிய ஆங்கில மொழிக் கல்வி அறிஞர் ஹெரால்ட் பாமர், 1933இலேயே இவற்றைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார்.

ஒரு 'போடு', பல வினைகள்

தமிழில் ஒரே வினை வரும் இடத்தில் ஆங்கிலம் பல வினைகளைக் கேட்கும்:

காபி போடு – மேக் காஃபி
கோலம் போடு – ட்ரா எ கோலம்
ஊசி போடு – கிவ் அன் இன்ஜெக்‌ஷன்
கையெழுத்துப் போடு – சைன்
லைட்டைப் போடு – டர்ன் ஆன் தி லைட்
சட்டை போடு – புட் ஆன் எ ஷர்ட்

மறுதலையும் உண்டு. நாம் குழல் ஊதுகிறோம், பறை அடிக்கிறோம், வீணை மீட்டுகிறோம். ஆங்கிலத்துக்கு மூன்றும் 'ப்ளே' தான். 'போட்டோ எடு', 'பஸ்ஸைப் பிடி' போன்றவற்றில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்திலோ நாம்தான் சளியைப் பிடிக்கிறோம்!

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. பெயர்ச்சொல்லைத் தனியே எழுத வேண்டாம். கரும்பலகையில் 'டெசிஷன்' என்று எழுதுவதற்குப் பதில் 'மேக் எ டெசிஷன்' என்று முழுத்தொடராக எழுதலாம்.

2. தொடக்க வகுப்புகளில் 'போடு' விளையாட்டு. ஒரு குழந்தை கோலம் போடுவதுபோலவோ காபி போடுவதுபோலவோ நடித்துக் காட்ட, மற்றவர்கள் ஆங்கிலத் தொடரைச் சொல்லலாம்.

3. உயர்நிலை வகுப்புகளில் ஏட்டின் கடைசி நான்கு பக்கங்களை 'மேக்', 'டூ', 'டேக்', 'ஹேவ்' ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு பாடத்திலும் கண்ணில் படும் தொடர்களை மாணவர்களே தேடிச் சேர்க்கட்டும். மாத்திரை சாப்பிடுவது 'டேக் எ டேப்லெட்', கனவு காண்பது 'ஹேவ் எ ட்ரீம்' என்பவை தாமே பதிந்துவிடும்.

திருத்தும்போது

இலக்கணப் பிழைக்கும் மரபுப் பிழைக்கும் ஒரே சுழி வேண்டாம். மரபு மாறிய இடத்தில் ஓரத்தில் 'வி' என்று குறித்தால், "வாக்கிய அமைப்பு சரி, வினையை மட்டும் மாற்று" என்பது மாணவருக்குப் புரியும்.

நாமும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். 'ரைட் அன் எக்ஸாம்' என்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. அதைப் பிழையென்று அடிப்பதைவிட, இங்கிலாந்தில் 'டேக்' அல்லது 'சிட்' என்பார்கள் என்று கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதே முறை.

விதி இல்லாத இடத்தில் பழக்கமே ஆசான். பானைக்கு 'வனை' என்பதைக் கேட்டும் படித்தும் பழகிய குழந்தைக்கு, 'மிஸ்டேக்' உடன் 'மேக்' வருவதும் பழகிவிடும். தேவை சிறிது நேரமும், அச்சமற்ற வகுப்பறையும்.