தறிகாரப் பாட்டனைத் தேடி

கல்முனையை அடுத்த மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அங்கே தறியில் இருந்த ஒரு பாட்டனாரை ஏடுகளில் எப்படித் தேடுவீர்கள்? அவருடைய பிறப்புப் பதிவு அவர் தொழிலைச் சொல்லாது. பிள்ளைகளின் பதிவைப் பாருங்கள். தகப்பனின் தொழிலுக்கு அதிலே தனி இடமுண்டு. பிறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. அம்பாறை மாவட்டமோ 1961இல்தான் பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தியவற்றை மட்டக்களப்பு என்றே கேட்கவேண்டும். முஸ்லிம்களின் விவாகப் பதிவேடு வேறு. நம் குடும்பங்களுக்குக் கோவிலின் ஞானஸ்நான ஏடும் உதவும். பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் அதிலிருக்கும்.

நூல் சுற்றிய பாட்டியின் உழைப்பை அந்தப் பழைய பிறப்புப் பதிவு கேட்கவேயில்லை. வீட்டுக் காகிதங்களையும் 2004 டிசம்பர் 26இல் கடல் வாரிக்கொண்டுபோன கரை இது. அவளைக் கண்டறிந்த பெரியவர்களிடம் இந்த ஞாயிறே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.