பச்சை விளக்கை நம்புகிறவருக்காக

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். சீரியல் போர்ட்டின் நிலை விளக்குக்கான டிரைவர் நிரலை ரிவியூ செய்யும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது. எழுதியவர் உன்னைவிட மூத்தவர், குறை சொன்னால் என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறாய். ஒரு எல்.இ.டி. மினுங்குவதற்கு இத்தனை யோசனை தேவையா என்றும் கேட்டிருக்கிறாய்.

தேவைதான். நள்ளிரவில் ஏதோ ஒரு பம்ப் ஹவுஸில் இந்த விளக்கு உள்ள பெட்டியின் முன்னால் நிற்கும் டெக்னீஷியனிடம் பெரும்பாலும் லேப்டாப் இருக்காது. பச்சை மினுங்கினால் டேட்டா போகிறது என்று முடிவு செய்து, கோளாறை வேறு இடத்தில் தேடப் போய்விடுவார். ஆகவே நிரல் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது அப்புறம். இந்த விளக்கு எதைச் சொல்கிறது, அது எப்போதெல்லாம் பொய்யாகும் என்பதை முதலில் பார்.

டிஎக்ஸ் விளக்கையே எடுத்துக்கொள். அது மினுங்கினால் எதிர்முனைக்கு டேட்டா போய்ச் சேர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டிரைவர் எண்ணுவதோ சிப்புக்குள் தள்ளிய பைட்டுகளை. டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என்று மூன்றே கம்பி, ஃப்ளோ கன்ட்ரோல் கிடையாது என்றால், கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் டிஎக்ஸ் ஜோராக மினுங்கிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்பதை சிடிஎஸ், டிஎஸ்ஆர், டிசிடி போன்ற கம்பிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீரியல் போர்ட்டைக் கவனித்து விளக்கை மினுக்க லினக்ஸ் கெர்னலில் இருக்கும் டிடிஒய் எல்.இ.டி. டிரிக்கர் முதலில் வந்தபோது டேட்டா ஓட்டத்தை மட்டுமே காட்டியது. இந்தக் கம்பிகளையும் காட்டும் வசதி 2024-இல் 6.8 பதிப்பில்தான் சேர்ந்தது. அங்கே ஆர்எக்ஸ், டிஎக்ஸ் இரண்டின் அமைப்பும் இயல்பாகவே 1, அதாவது காட்டும்; புதிதாக வந்த கம்பிகளுக்கு எல்லாம் 0, அதாவது காட்டாது. பழைய பெட்டிகளில் விளக்கு நேற்று சொன்னதையே இன்றும் சொல்ல வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உன் கையில் இருக்கும் பேட்ச் அப்படிச் செய்கிறதா என்று பார்.

அடுத்தது வேகம். 115200 பாடில், ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளைச் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். அதாவது 87 மைக்ரோசெகண்ட். பைட்டுக்குப் பைட் விளக்கை ஏற்றி அணைத்தால் தொடர்ந்து ஓடும்போது மங்கலான வெளிச்சம்தான் கண்ணுக்குத் தெரியும், ஒற்றை பைட் வந்தால் அதுவும் தெரியாது. அதனால்தான் அந்த டிரிக்கர் பைட்டைத் துரத்துவதில்லை. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கேட்கிறது, மாறியிருந்தால் ஒருமுறை மினுக்குகிறது. இதில் பாதுகாப்பும் இருக்கிறது. சில மோடங்களில் விளக்கு டேட்டா கம்பியோடு அப்படியே இணைந்திருப்பதால், தூரத்திலிருந்து அதன் வெளிச்சத்தைப் பிடித்தே டேட்டாவைப் படித்துவிடலாம் என்று ஜோ லௌரியும் டேவிட் அம்ஃபிரஸும் 2002-இல் கட்டுரை எழுதிக் காட்டினார்கள். உங்கள் டிரைவர் விளக்கை பிட்டோடு பிட்டாக ஓட்டுகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேள்.

எண்ணிக்கையை ஒப்பிடும் வரியைத் தனியாகப் படி. புதியது பழையதைவிடப் பெரியதா என்று கேட்டு, பெரியதாக இருந்தால் மட்டும் புதியதைச் சேமிக்கிறாரா? டிடிஒய் அடுக்கு கொடுக்கும் அந்த எண் 32 பிட், மைனஸும் உண்டு. 115200-இல் நொடிக்கு 11520 பைட் இடைவிடாமல் ஓடினால் சுமார் 52 மணி நேரத்தில் அது நிரம்பி மைனஸுக்குப் புரளும். அதற்குப் பிறகு புதியது பெரியதாக இராது, சேமிப்பும் மாறாது. டேட்டா ஓடிக்கொண்டே இருக்க, விளக்கு நாள்கணக்கில் அணைந்தே கிடக்கும். பெரியதா என்ற கேள்வியை மாறியிருக்கிறதா என்று ஆக்கினால் தீர்ந்தது. மேஜையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்டில் இது சிக்காது. கண்ணால் படிக்கிறவருக்குத்தான் சிக்கும்.

சில டிரைவர்கள் எண்ணிக்கையே தருவதில்லை, கேட்டால் பிழைக் குறியீடு வரும். அப்போது விளக்கு எந்த நிலையில் நிற்கும்? எரிந்தபடியே உறைந்துவிட்டால் அதைவிடக் கெட்ட பொய் கிடையாது. யுஎஸ்பி-சீரியல் கேபிளை ஓட்டத்தின் நடுவில் உருவினாலும் இதே கேள்விதான்.

இன்டரப்ட் விஷயம் உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்கு ஐ2சி எக்ஸ்பாண்டருக்குப் பின்னால் இருந்தால், 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரிஜிஸ்டரை எழுதவே கால் மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், நடுவே தூங்கவும் செய்யும்; இன்டரப்ட்டுக்குள் தூங்கக் கூடாது. எல்.இ.டி. அடுக்கில் தூங்கக் கூடாத அழைப்பு ஒன்று, தூங்கலாம் என்ற அழைப்பு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கின்றன. அவர் எதை நிரப்பியிருக்கிறார் என்று பார்த்தால் போதும். டிரிக்கரைக் கழற்றும் இடத்தில் மட்டும் நிதானமாக இரு. பின்னணியில் ஓடும் வேலையை ரத்து செய்து அது முடியும்வரை காத்திருக்கும்போது, அதே வேலைக்குத் தேவையான மியூடெக்ஸைக் கையில் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நின்றுவிடும். மெமரியை விடுவிப்பது வேலை நின்ற பிறகா, அதற்கு முன்பா என்பதையும் வரிசையாகத் தொட்டுப் பார்.

இனி மூத்தவர் விஷயம். "இது தப்பு" என்று எழுதாதே. "எண்ணிக்கை மைனஸுக்குப் புரண்டால் இந்த வரி என்ன செய்யும் சார்?" என்று எழுது. வேலை தெரிந்தவர் அதை வாசித்தவுடன் திருத்திவிடுவார். வரி எண், எந்தச் சூழ்நிலை, என்ன நடக்கும் ஆகிய மூன்றும் இல்லாத குறிப்பை அனுப்பாதே. இடைவெளி, பெயர் வைக்கும் முறை போன்றவற்றைச் சரிபார்க்க செக்பேட்ச் என்ற கருவி இருக்கிறது. அதைச் சொல்லி அவர் பொறுமையைச் செலவழிக்காதே. உனக்குப் புரியாத வரி இருந்தால் புரியவில்லை என்றே எழுது. மரியாதை கருதி சும்மா விட்ட கேள்விதான் பிறகு சைட்டிலிருந்து போனாக வரும். அவர் சொன்ன பதில் சரியாக இருந்தால் அதையும் அங்கேயே ஒப்புக்கொண்டு மேலே போ.

ரிலீஸ் நெருங்குகிறது என்று அவசரப்படுத்துவார்கள். நீ ஒப்புதல் கொடுத்தால் உன் பெயரும் அந்தப் பேட்சோடு நிற்கும். அதனால் அதை போர்டில் ஏற்றி, கேபிளைப் பிடுங்கி, விளக்கு என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடு.

அன்புடன்,
பெரியப்பா